எந்தப் பக்கத்துக்கு வைக்கட்டும்?

ஒரு கேசட். 60 நிமிடம். மேலே ஒட்டிய தாளில் நீல மையில் சித்தப்பாவின் கையெழுத்து. 'அம்மாவுக்கு. 12.4.1985.' அவ்வளவுதான்.

சித்தப்பா அப்போது சவுதியில், தம்மாமில் இருந்தார். லெட்டர் போட்டால் அப்பாயிக்குப் படிக்கத் தெரியாது. போன் என்றால் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு நாள் முழுக்கத் தவம் கிடக்க வேண்டும். ஆகவே, டூ இன் ஒன்னில் கேசட்டைப் போட்டு, ரெக்கார்ட் பட்டனை அமுக்கி, அரை மணி நேரம் பேசுவார். ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். இங்கே கேட்டு முடித்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டு அப்பாயி பதில் பேசுவாள். அதே கேசட் திரும்பப் போகும். ஏ பக்கம் மகன். பி பக்கம் அம்மா. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். தேடிப் பாருங்கள்.

அப்பாயி 1991-ல் போய்விட்டாள். சித்தப்பா போன வருடம். அவருடைய பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தபோது சித்தியின் கையில் இந்தக் கேசட் அகப்பட்டது. "என்ன பேசியிருக்காருன்னு ஒரே ஒரு தடவ கேக்கணும்ப்பா" என்றார்.

எதில் கேட்பது? எங்கள் குடும்பத்தில் ஒருவரிடமும் டேப் ரெக்கார்டர் இல்லை. தேடி அலைந்து, பழைய சாமான் கடையில் ஒரு ஜப்பானிய கேசட் டெக்கை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிந்தது. கேசட் மட்டும் சுற்றவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து இன்னமும் டெக் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அறுபதைத் தாண்டியவர். மூடியைக் கழற்றினார். உள்ளே பெல்ட் என்று ஒன்று இல்லை. அது இருந்த இடத்தில், வெயிலில் உருகிய தார் மாதிரி ஒரு கறுப்புப் பிசுக்கு.

மூன்று நாள் கழித்துப் போனேன். கேசட் ஓடியது. சித்தப்பா பேசினார். ஆனால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். ஒரு வார்த்தை புரியவில்லை.

"கேசட் போச்சாண்ணே?"

"கேசட்டுக்கு ஒண்ணும் இல்ல சார். குரல் உள்ளதான் இருக்கு. ஹெட்டு கோணல்."

ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு திருகாணியைத் துளியூண்டு திருப்பினார். கால் சுற்றுகூட இருக்காது. கம்பளி விலகியது. "அம்மா, நல்லாருக்கியா?" என்றார் சித்தப்பா. அத்தனை தெளிவாக.

முப்பது செகண்ட் வேலை. ஆனால், இந்தத் திருகாணிக்குப் பின்னால் உலகத்தின் பெரிய மூளைகள் இருபது வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு சரித்திரம் இருக்கிறது.

* * *

நெதர்லாந்துக்காரர் லூ ஓட்டன்ஸ். 1926-ல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர்கள் அவருடைய நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, பதின்வயதுப் பையன். லண்டனிலிருந்து வரும் டச்சு ஒலிபரப்பை ரகசியமாகக் கேட்க, வீட்டிலேயே ஒரு ரேடியோ செய்தார். ஜெர்மானியர்கள் குறுக்கே எழுப்பிய இரைச்சலைத் தவிர்க்க அதற்கு ஒரு தனி ஆன்டெனாவும் பொருத்தினார். பிற்பாடு இன்ஜினீயர் ஆகி பிலிப்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். 1960-ல் பெல்ஜியத்தின் ஹாசல்ட் நகரில் இருந்த தொழிற்சாலையில் புதுப் பொருள்களை உருவாக்கும் பிரிவுக்குத் தலைவர்.

அன்றைக்கு டேப் ரெக்கார்டர் என்றால் இரண்டு பெரிய சக்கரங்கள். டேப்பை ஒரு சக்கரத்திலிருந்து எடுத்து, ஹெட் வழியாக நுழைத்து, அடுத்த சக்கரத்தில் கையால் சுற்ற வேண்டும். ஓட்டன்ஸ் ஒரு மரக்கட்டையை அறுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுப் பார்த்தார். உள்ளே போனது. "மெஷின் இந்த சைஸ்தான். இதற்குள் அடங்குகிற மாதிரி டேப்பைச் செய்யுங்கள்" என்பதுதான் அவர் தன் ஆட்களுக்குக் கொடுத்த உத்தரவின் சாரம். சரித்திரப் புகழ் பெற வேண்டிய அந்தக் கட்டை என்ன ஆயிற்று தெரியுமா? ஒருநாள் வழியில் கார் டயர் பஞ்சரானபோது ஜாக்கிக்கு முட்டுக் கொடுத்துத் தொலைந்துபோய்விட்டதாகச் சொல்வார்கள்.

1963 ஆகஸ்டில் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் பிலிப்ஸ் அந்த மெஷினை வைத்தது. அதனுடன் கேசட்டும் உலகத்துக்கு அறிமுகமானது.

ஆனால், சின்னதாக்குவதற்கு ஒரு விலை உண்டு அல்லவா? பெரிய சக்கரத்து டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர். கேசட் டேப் 3.81. அந்தத் துக்கடா அகலத்துக்குள் போகிற பக்கத்துக்கு இரண்டு, வருகிற பக்கத்துக்கு இரண்டு என்று ஸ்டீரியோவுக்கு நான்கு தடங்கள். நல்ல வீட்டு மெஷினில் டேப் விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும். ஸ்டூடியோவில் 38. கேசட்டில்? வெறும் 4.76.

நாலு ஏக்கரில் போட்ட பயிரை நாலு சென்ட்டில் போடச் சொன்னால் எப்படி? ஓட்டன்ஸுக்கு அதில் கவலை இல்லை. அவர் செய்தது பேச்சைப் பதிவு செய்ய. ஆபீஸ் டிக்டேஷன், பேட்டி, குழந்தையின் மழலை. இதில் சங்கீதம் கேட்கப்போகிறார்கள் என்பது அன்றைய கணக்கிலேயே இல்லை.

* * *

நான் படித்தது பி.காம். ஆகவே, இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு.

அதே சமயத்தில் ஜெர்மனியின் க்ருண்டிக் கம்பெனியும் வேறொரு கேசட்டுடன் களத்தில் இறங்கியது. எவனுடைய கேசட் உலகம் முழுக்கப் போகும்? ஜப்பான்காரன் கை வைப்பதுதான் போகும். பிலிப்ஸ் சோனியிடம் போனது. ஒரு மெஷினுக்கு 25 யென் ராயல்டி கேட்டது. சோனி சார்பில் பேச வந்தவர் நோரியோ ஓகா. முறைப்படி சங்கீதம் கற்ற ஆபரா பாடகர். பின்னால் சோனியின் தலைவரானவர். அவர் மசியவில்லை. இழுபறிக்குப் பிறகு பிலிப்ஸ் இறங்கி வந்தது. 25 யென், 10 யென் எல்லாம் இல்லை. பைசா வேண்டாம். சோனிக்கு மட்டுமல்ல, தரம் குறையாமல் செய்கிற எல்லோருக்கும் இலவசம். வருடம் 1965.

பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரிகிறதா? இல்லை. அந்த ஒரு கையெழுத்தால்தான் அமெரிக்காவில் பதிந்த கேசட் ஜப்பான் மெஷினில் ஓடியது. தம்மாமில் பதிந்தது தஞ்சாவூர் ஜில்லாவில் ஓடியது.

ஓடியது சரி. ஒலித்ததா?

முதல் எதிரி, இரைச்சல். டேப்பில் பாட்டு இல்லாத இடத்தில் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது. தடம் எவ்வளவு குறுகலோ, வேகம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு உஸ்.

அதை அடக்க வந்தவருக்கும் நம் நாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அமெரிக்காவின் ரே டால்பி, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கியபிறகு, 1963-ல் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவுக்கு வந்தார். சண்டிகரில் மத்திய விஞ்ஞானக் கருவிகள் அமைப்பில் இரண்டு வருடம் வேலை. இரைச்சலைக் குறைக்கிற யோசனை அவருக்குப் பிறந்தது அங்கேதான். 1965-ல் லண்டன் போய்த் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். முதலில் ஸ்டூடியோக்களுக்கு ஒன்று. 1968-ல் வீட்டு உபயோகத்துக்கு 'டால்பி பி'.

யோசனை சுலபமானது. பதியும்போது மெல்லிய கீச்சு ஒலிகளை மட்டும் வேண்டுமென்றே தூக்கிப் பதி. கேட்கும்போது தூக்கிய அளவுக்குச் சரியாக இறக்கு. பாட்டு பழைய அளவுக்கு வந்துவிடும். நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட உஸ்ஸும் சேர்ந்து இறங்கிவிடும். கிட்டத்தட்ட 10 டெசிபல் குறையும். எங்கள் பாஷையில் சொன்னால் இரட்டைப் பதிவுக் கணக்கு. டெபிட் போட்டதற்குச் சமமாக கிரெடிட் விழ வேண்டும். ஒரு மெஷினில் டெபிட்டும் சரியாக ட்யூன் பண்ணாத இன்னொரு மெஷினில் கிரெடிட்டும் என்றால் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாது. பாட்டு மழுங்கும்.

அமெரிக்காவில் ஹென்றி க்ளாஸ் என்பவர் டால்பி பி-யையும், புதிதாக வந்திருந்த குரோமியம் டையாக்சைடு டேப்பையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தார். 1971-ல் வந்த அந்த 'அட்வென்ட் 201' டெக்குக்குப் பிறகுதான், கேசட் என்பது டிக்டேஷன் சமாசாரம் இல்லை, சங்கீதமும் கேட்கலாம் என்று ஹைஃபை ரசிகர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

* * *

இரண்டாவது எதிரிதான் நம் திருகாணி.

டேப்பில் ஒலி எப்படி இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத காந்தக் கோடுகளாக. ஜன்னல் கம்பிகள் மாதிரி, டேப்பின் குறுக்கே செங்குத்தாக, வரிசையாக நிற்கும். கட்டைக் குரல் என்றால் கம்பிகள் தள்ளித் தள்ளி. கீச்சுக் குரல் என்றால் நெருக்கி நெருக்கி. 20,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு, கேசட்டின் வேகத்தில், ஒரு முழு அலைக்குக் கிடைக்கிற இடம் வெறும் 2.4 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் இருபது அலைகளுக்கு மேல் அடுக்கிவிடலாம்.

இவற்றைப் படிப்பது ஹெட்டில் இருக்கிற ஒரு செங்குத்தான கீறல். கம்பியும் செங்குத்து, கீறலும் செங்குத்து என்றால் ஒவ்வொன்றாகப் படிக்கும். கீறல் கொஞ்சம் சாய்ந்தால்? மேல் பாதி ஒரு கம்பியையும் கீழ்ப் பாதி பக்கத்துக் கம்பியையும் பார்க்கும். ஒன்றையொன்று அடித்துவிடும். எவ்வளவு சாய வேண்டும்? மோனோவில் பதிந்த பேச்சென்றால் அரை டிகிரி போதும். 'ச', 'ஸ' எல்லாம் காணாமல் போய், வெறும் முனகல் மிஞ்சும்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கவனியுங்கள். பதிந்த மெஷினின் ஹெட் சாய்ந்திருந்தால், கோடுகளும் சாய்ந்தேதான் விழும். அதை அதே மெஷினில் கேட்டால் ஒரு பிரச்னையும் தெரியாது. கோணலும் கோணலும் பொருந்திவிடும். ஒழுங்கான மெஷினில் போட்டால்தான் வம்பு. அதாவது, ஒவ்வொரு கேசட்டும் குரலை மட்டும் வைத்திருக்கவில்லை. தன்னைப் பதிந்த மெஷினின் கோணலையும் சேர்த்து வைத்திருக்கிறது.

இந்தக் கோணலுடன் மல்லுக்கு நின்ற கம்பெனி, நாகமிச்சி. 1948-ல் எட்சுரோ நாகமிச்சி டோக்கியோவில் தொடங்கியது. ரொம்ப நாள் அடுத்தவர்களுக்கு டெக் செய்து கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, 1973-ல் 'நாகமிச்சி 1000' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவரை பதிவதற்கும் படிப்பதற்கும் ஒரே ஹெட். பதிய அகலக் கீறல் நல்லது, படிக்க மெல்லிய கீறல் நல்லது. இரண்டும் கெட்டானாக ஒன்றை வைத்து எல்லோரும் ஒப்பேற்றினார்கள். நாகமிச்சி, அழிக்க ஒன்று, பதிய ஒன்று, படிக்க ஒன்று என்று மூன்றையும் தனித்தனியாக வைத்தது. விலை ஆயிரம் டாலருக்கு மேல்.

1982-ல் வந்தது 'டிராகன்'. இதன் விசேஷம் என்னவென்றால், கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது டேப்பின் கோணலைக் கண்டுபிடிக்கும். ஒரு தடத்தையே மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாகப் பிரித்துப் படித்து, இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றனவா என்று ஒப்பிடும். முன்னே பின்னே வந்தால், குட்டி மோட்டார் ஒன்று ஹெட்டைச் சாய்த்துச் சரி பண்ணும். எந்த ஊரில், எந்தக் கோணல் மெஷினில் பதிந்ததாக இருந்தாலும் டிராகன் அதற்குத் தகுந்தபடி தன் தலையைச் சாய்த்துக் கேட்கும். விலை 1,850 டாலர். அன்றைய மதிப்பில் நம் ஊர்ப் பணம் சுமார் 17,500 ரூபாய்.

அந்தப் பணத்துக்கு நம்மூரில் யார் டெக் வாங்குவார்கள்? நம்மிடம் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. 80-களில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள். பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் வந்து கேசட்டை வாங்கிப் போவோம். வீட்டில் போட்டால் மந்தமாகக் கேட்கும். உடனே டூ இன் ஒன்னின் கதவைத் திறந்து, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு அந்தத் திருகாணியைத் திருகுவோம். கடைக்காரரின் கோணலுக்கு நம் கோணலைச் சரிசெய்தோம் என்பது அன்றைக்குத் தெரியாது. தெரியாமல் டிராகன் வேலை பார்த்திருக்கிறோம்.

* * *

டிராகன் வந்த அதே 1982-ல்தான் சிடியும் வந்தது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து கொண்டுவந்தன. வேடிக்கை என்னவென்றால், பிலிப்ஸில் அந்த வேலையிலும் ஓட்டன்ஸின் பங்கு இருந்தது. கேசட்டைப் பெற்றவரே அதற்கு எமனையும் வளர்த்தார். 2021 மார்ச்சில், 94 வயதில் அவர் இறந்தார். கேசட்டின் மேல் அவருக்குக் கண்ணீர், காவியம் ஒன்றும் கிடையாது. சிடிதான் உசத்தி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1990-களில் டிராகன் நின்றது. 2002-ல் நாகமிச்சி திவாலானது. 2010-ல் சோனி ஜப்பானில் கேசட் வாக்மேனுக்கு மூடுவிழா நடத்தியது.

இப்போது மறுபடியும் கேசட் மோகம் கொஞ்சம் தலைகாட்டுகிறது. புது பிளேயர்கள்கூடக் கடைக்கு வருகின்றன. உள்ளே பெரும்பாலும் ஒரே மாதிரியான மலிவு மெக்கானிஸம். அந்தக் காலத்து மூன்று ஹெட் டெக் மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டுமானால், ஹெட்டுக்கு ஒரு ஃபேக்டரி, மோட்டாருக்கு ஒன்று, ஐ.சி.க்கு ஒன்று என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டால் ஒரு முதலாளியும் கிட்டே வரமாட்டார்.

ஆகவே, உலகத்தில் மிச்சமிருக்கிற நல்ல டெக் எல்லாமே பழைய டெக்தான். நாகமிச்சி, ஸ்விட்சர்லாந்தின் ரெவாக்ஸ், நார்வேயின் டான்ட்பெர்க் என்று தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பணக்காரப் பொழுதுபோக்கு என்று நானும் நினைத்தேன். வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபிறகு அப்படித் தோன்றவில்லை.

முதலில் பெல்ட். உருகிய ரப்பரை ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுப் பஞ்சால் துடைக்க வேண்டும். எங்கள் மெக்கானிக்குக் கையில் மூன்று நாள் கறுப்பு போகவில்லை. அடுத்து கிரீஸ். நாற்பது வருடத்தில் அது கோந்தாகியிருக்கும். வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். டேப்பை இழுக்கிற ரப்பர் உருளை கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தால், டேப்பைக் கடித்துத் தின்றுவிடும். அதை மாற்ற வேண்டும். கசிந்த கெபாசிட்டர்களைக் கழற்றிப் புதிது வைக்க வேண்டும். ஹெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அது தேய்ந்துபோயிருந்தால், இன்னொரு செத்த டெக்கிலிருந்து எடுத்தால்தான் உண்டு.

எல்லாம் முடிந்தபிறகு டெஸ்ட் டேப். 3,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு வேகம். 10,000 போட்டு ஹெட்டின் கோணம். 400 போட்டு டால்பியின் அளவு. இந்த மூன்றும் டேலி ஆனால்தான் டெக் உயிர் பெற்றது என்று அர்த்தம்.

மெஷின்கள் இப்படி ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்க, அவற்றின் பெல்ட் உருகிய இந்த நாற்பது வருடத்தில் நல்ல கேசட்டுகள் பரணில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. குரல் இருக்கிறது. கேட்பதற்குக் காதுதான் இல்லை.

* * *

சித்தப்பாவின் பக்கம் ஓடி முடிந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டோம். கேசட்டைத் திருப்பிப் போட்டார் மெக்கானிக்.

மறுபடியும் கம்பளி. மறுபடியும் கிணறு.

எனக்குப் பகீரென்றது. அவர் சிரித்தார். "இது வேற மிஷின்ல பேசினது சார். வேற கோணல்."

வாஸ்தவம். ஏ பக்கம் தம்மாமில் பதிந்தது. பி பக்கம் எங்கள் ஊர்த் திண்ணையில், வேறொரு டூ இன் ஒன்னில். ஒரே கேசட். இரண்டு கோணல். திருகாணியை இந்தமுறை எதிர்ப்பக்கம் திருப்பினார். துளித்துளியாக. அப்பாயி வெளியே வந்தாள்.

"ஏய்யா, சாப்புட்டியா? மெலிஞ்சிட்டியா? இந்த எழவு பொட்டில பேசுனா உனக்குக் கேக்குமாய்யா?"

பின்னால் ஒரு ஆடு கத்தியது. ஒரு குழந்தை அழுதது. அந்த வருடம் எனக்கு ஆறு வயது. நானாகவும் இருக்கலாம்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "உங்க சித்தப்பா ஹெட்டைத் திருகிப் பாத்திருந்தாத்தான் சார் உண்டு. இல்லாட்டி அங்க அவருக்கு இவ்ளோ தெளிவா கேட்டிருக்காது. அவரு மிஷினு வேற கோணலாச்சே. அந்தம்மா பேசினத நீங்கதான் இன்னிக்கு முழுசா கேக்கறீங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. அதையும் பதிந்துகொண்டோம்.

சர்வீஸ் சார்ஜ் இரண்டாயிரத்து இருநூறு. மூடியைப் போடுவதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஹெட்டை எந்தப் பக்கத்துக்கு வைக்கட்டும் சார்? ரெண்டுக்கும் சேத்து வைக்க முடியாது. இது டிராகன் இல்ல."

நியாயமான கேள்வி. சித்தி கேட்டது ஏ பக்கம். என் அப்பாவுக்கு வேண்டியது பி பக்கம். அவருக்கு இப்போது எண்பது வயது. அம்மாவின் குரலைக் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சித்திக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"அத்தை பேசற பக்கத்துக்கே வெக்கச் சொல்லுப்பா" என்றார் சித்தி. "அவரு அங்க போட்டுப் போட்டுக் கேட்டது அதத்தானே?"